முதல் வியாபாரம்

1

இந்தக் கதை ஒரு சோடிக் கால்களில் தொடங்கியது. புடவைக்கடையில் எனக்குச் சேலை விரித்துக் காட்டிய ஜெயனியின் கால்கள் அவை. செருப்பு வார் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தன. அவள் குருநகர்ப் பிள்ளை, ஆறு மாதக் கர்ப்பிணி. கடை பூட்டும்வரை விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கதிரை முதலாளிக்கு மட்டும்தான்.

முதல் வசனத்தை இப்படி எழுதினேன்: ‘யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடுதூரத்தில், பச்சைப் பெயர்ப்பலகை போட்ட —’

வெட்டிவிட்டேன். இந்த ஊரில் பலகையின் நிறத்தைச் சொன்னாலே போதும், பின்னேரத்துக்குள் முதலாளியின் காதுக்குப் போய்விடும். ஆகவே பலகைக்கு நிறமில்லை. ஜெயனியின் உண்மைப் பெயரும் ஜெயனி இல்லை. (பயம் மட்டும் உண்மையானது. அது என்னுடையது.)

2

யாரும் தெரிவு செய்யாமலே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கைத் தெருப் பெண்களுக்குத் தலைவியானவர் உதயகலா அக்கா. வீங்கிய கால்களைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

“கத்திறதும் வேண்டாம், கொடி பிடிக்கிறதும் வேண்டாம். காசு எங்கடை கையிலதானே கிடக்கு? விடிய முதல் ஆளாப் போவம். சாறியை விரிச்சுப் பாப்பம். ‘இந்தப் பிள்ளைக்கு ஏன் கதிரை இல்லை?’ எண்டு கேப்பம். வேண்டாமல் திரும்புவம். ஒரு நாளைக்கு ஒரு ஆள்.”

(எங்கள் ஊர்க்காரர் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: ‘வேண்டுவது’ என்றால் எங்கள் பேச்சில் வாங்குவது. காலையில் முதலில் வருபவர் வெறுங்கையோடு திரும்பினால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று இங்கே கடைக்காரர் நடுங்குவார்கள். நட்டத்துக்கென்றாலும் விற்றுத்தான் அனுப்புவார்கள்.)

நாங்கள் கேட்டோம். வாங்காமல் திரும்பினோம். வெளியே வந்து சிரிக்கவும் செய்தோம்.

3

முதலாளி சோமசேகரத்தை (இதுவும் நான் வைத்த பெயர்தான்) நான் சரியாக எழுதவில்லை என்று நினைக்கிறேன். முதல் பிரதியில் அவருக்குச் சிவந்த கண்களும் உறுமும் குரலும் கொடுத்திருந்தேன். பொய். அவர் மென்மையாகப் பேசுகிறவர், திருநீறு மணக்க நிற்பவர். அதனால்தான் எனக்கு இன்னும் பயம்.

எங்கள் கேள்வி அவர் காதில் விழவே இல்லை. முதல் ஆள் வெறுங்கையோடு போனது மட்டும்தான் விழுந்தது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று வாசலில் நீற்றுப்பூசணிக்காய் வெட்டினார். அதற்கும் சரிவராமல் போக, அபசகுனம் கடைக்குள்ளே இருக்கிறதென்று முடிவு கட்டினார். ‘எந்தப் பிள்ளை விரிச்சுக் காட்டினா வேண்டாமல் போகினமோ, அவள்தான்.’

விரித்துக் காட்டியது ஜெயனி. நாங்கள் ஒவ்வொரு நாளும் தேடிப் போனதும் அவளிடம்தான்.

4

அவள் என்னை மினிபஸ் நிலையத்தில் பிடித்தாள்.

“என்னை ஒரு சொல்லுக் கேட்டே தொடங்கினியள், அக்கா?”

ஏற வந்த மினிபஸ்ஸைப் போகவிட்டேன்.

“இப்ப பின்பக்கம் திரைச்சீலைக்குப் பின்னால நிண்டு பெட்டி அடுக்கிறன். முன்னுக்கு முகம் காட்டக் கூடாதாம். வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டிப்போடுவார். வயித்தில பிள்ளையோட வேறை ஆர் என்னை எடுப்பினம்?”

“நாங்கள் நாளைக்கே போய் வேண்டுறம்.”

“வேண்டினா, ‘உவளை ஒளிச்சு வைச்ச உடனை வியாபாரம் நடக்குது’ எண்டுவார். வேண்டாட்டி, ‘உவள் இன்னும் உள்ளுக்கை இருக்கிறாள்’ எண்டுவார்.”

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. எழுதுகிறவளுக்கு ஒரு வழியாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு —

5

முடிவு அ: முதலாளி மனம் மாறி எல்லோருக்கும் கதிரை வாங்கிப் போடுகிறார். எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை. இதை எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. (நானும் இந்த ஊர்க்காரிதான்.)

முடிவு இ: முதல் ஆளாகப் போய், விலை கூடிய சேலை ஒன்றைக் காட்டி, ‘ஜெயனி கதிரையில இருந்துகொண்டு தன்ரை கையால எடுத்துத் தந்தால் மட்டும் வேண்டுவன்’ என்று சொல்வது. முதல் வியாபாரமே அவள் கையால் நடந்தால், பிறகு யார் அவளை அபசகுனம் என்பது?

இம்முறை ஜெயனியைக் கேட்டோம். “கேளுங்கோ” என்றாள். “அவர் ஏசினா அந்த இடத்திலயே என்ரை வேலை போச்சு. தெரிஞ்சுகொண்டு கேளுங்கோ.”

என் முறை. கடை திறந்தாகிவிட்டது. ஊதுபத்தி வாசம். விலை கூடிய சேலையைக் காட்டிச் சொல்லிவிட்டேன், ஒரு சொல்லும் விடாமல்.

சோமசேகரம் என் கையிலிருந்த காசைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு திரைச்சீலையின் பக்கம் திரும்பி, “ஜெயனி” என்று கூப்பிட்டார்.

கதிரையில் இருத்தவா, வாசலுக்கு அனுப்பவா, எந்தக் குரலில் கூப்பிட்டார் என்பதை எழுத எனக்குத் துணிவில்லை. அந்தப் பெயரை நீங்களே ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.