முன்கூட்டிச் சொன்ன நன்றி

காலை மணி ஏழே முக்கால். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆனித் திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பொய்த்தமையால் செம்பரம்பாக்கத்துப் பேரேரி தன் வயிற்றின் நடுவில் மட்டும் சிறிது நீரை ஏந்தி, சுற்றிலும் வெடித்த சேற்றை வெயிலுக்குக் காட்டிக் கிடந்தது. அதன் மேற்கே, முன்பு நெல் விளைந்த நிலங்களின்மேல் எழுந்த நீலத் தகட்டுக் கூரைகளின்கீழ், ஞாயிறென்றும் திங்களென்றும் பாராத பொறிகள் உறுமிக்கொண்டிருந்தன. இரவு முறை முடித்த இளைஞர் பேருந்துகளிலிருந்து முற்றிய கதிரின் மணிகள்போல் உதிர, பகல் முறைக்குரியோர் அவற்றில் ஏற, மண்ணூர்ச் சாலை முழுதும் புழுதி எழுந்து, அடங்க இடமின்றி நின்றது.

அச்சாலையை ஒட்டிய வாடகை அறை ஒன்றில் ஜெபகுமார் துவைத்த வெள்ளைச் சட்டையைக் கையில் ஏந்தி, அணிவதா வேண்டாமா என்று துணியாமல் நின்றான். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாண்டும் ஒரே தொழிற்கூடத்தில், மகிழுந்துகளுக்கான மின்கம்பிகளைக் கற்றை கற்றையாகக் கட்டினான். முந்தைய நாள் மாலை, பயிற்சிக் காலம் முடிந்தது என்னும் ஒற்றைவரித் தாளை அவனிடம் கொடுத்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாயிலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டனர்.

வேலை போனது மட்டுமாயின் அவன் அழுதிருப்பான், அழுதபின் உறங்கியுமிருப்பான். உறங்கவிடாதது வேறொன்று.

அவன் செல்லும் மண்ணூர்க் கிறித்தவச் சபையில், பாடல்கள் முடிந்தபின், பெற்ற நன்மைக்கு நன்றி சொல்ல விரும்புவோர் எழுந்து நின்று சொல்வர். சபையார் அதைச் சாட்சி என்பர். முடிவில், ஆண்டவருக்கு நன்றி என்னும் பொருளில், ஸ்தோத்திரம் என்று சொல்லி அமர்வர். ஐந்து வாரங்களுக்குமுன், நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியலில் அவன் பெயர் இருப்பதாக மேற்பார்வையாளர் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, கிடைக்குமுன்னே நன்றி சொல்வதுதான் நிறைந்த நம்பிக்கை என்று எண்ணி, ஜெபகுமார் எழுந்து நின்றான். நிரந்தரப் பணி கைக்கு வந்துவிட்டதாகவே சொல்லி நன்றி கூறினான். சபை கைதட்டியது. பொய் சொன்னதாக அன்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு பாப்பம்மாள் எழுந்தாள். அவள் அதே தொழிற்கூடத்தின் உணவறையில் தட்டுக் கழுவுபவள். அவள் கணவன் சின்னப்பையன் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வடக்கே போய் இரண்டாண்டுகள் ஆகியும் ஒரு சொல் வரவில்லை. தன்னோடு மணிமங்கலத்துக்கு வந்து தங்கிவிடும்படி அண்ணன் அழைக்க, அவளும் இசைந்து மூட்டை கட்டியிருந்தாள். ஜெபகுமாரின் சாட்சியைக் கேட்ட அன்று, அவனுக்குச் செய்த ஆண்டவர் தனக்கும் செய்வார் என்று அம்மூட்டையை அவிழ்த்தாள். மறுவாரம் சபை நடுவே நின்று, தன் கணவன் வந்துவிட்டான் என்று, வராதவனுக்காக நன்றி சொன்னாள். இன்று மாலை அவள் அண்ணன் மீண்டும் வருகிறான். இன்றும் மறுத்தால், இனி அழைக்கமாட்டான்.

“எலே ஜெபா, சட்டைய என்னல உத்துப் பாத்துட்டு நிக்க? அதுக்கும் வேல போயிட்டோ?” என்றான் அறைத்தோழன் தளவாய், பாயில் படுத்தபடியே.

“கோயிலுக்குப் போவவா வேண்டாமான்னு இருக்கு.”

“போவாட்டா என்ன? உங்க சாமி அட்டெண்டன்ஸா எடுக்காரு?”

“அந்த அக்கா வருவாவ. நா சொன்னத நம்பித்தான் அண்ணன் வீட்டுக்குப் போவாம இருக்காவ.”

தளவாய் எழுந்து உட்கார்ந்தான். “அப்ப ஒண்ணுஞ் சொல்லாத. ஒரகடம் பக்கம் ஏதாது கம்பெனில கெடச்சிரும். கெடச்ச பொறவு, சாட்சி பலிச்சிட்டுன்னு சொல்லிக்க.”

“கெடைக்கலன்னா?”

“நா என்னத்தலே கண்டேன். நா எங்க சாமிட்ட முன்னக்கூட்டி நன்றில்லாம் சொல்றதில்ல. காரியம் முடிஞ்சாத்தான் கெடா.”

ஜெபகுமார் சிரித்தான். பிறகு சட்டையை அணிந்துகொண்டு நடந்தான். நம்பியது ஆண்டவரையா, மேற்பார்வையாளரின் சொல்லையா என்று தன்னையே கேட்டான். கேட்டது தவறா, கேட்ட முறை தவறா, அல்லது எதுவும் தவறாமலே இப்படித்தான் நடக்குமா என்று கேட்டான். மன்றாட முயன்றான். நேற்றுவரை தாய்மொழிபோல் வந்த சொற்கள், திசைமாறி நின்ற ஆடுகள்போல் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

சபைக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தனர். பாடல் முடிந்ததும் போதகர் ரத்தினம் அவனைப் பார்த்தார். “தம்பி, உன் சாட்சியக் கேட்டு நெறைய பேரு பெலப்பட்டிருக்காங்க. இன்னொரு வாட்டி சொல்லு.”

அவன் எழுந்தான். முன்வரிசையில் பாப்பம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“வேல நெரந்தரமாயிட்டுன்னு சொன்னேன்,” என்றான். “அன்னைக்கு ஆவல. நேத்து இருந்த வேலயும் போயிட்டு. ஆண்டவர் செய்யாதத செஞ்சாருன்னு சொல்லிட்டேன். பாப்பம்மாக்கா, என்னய நம்பி எந்த முடிவும் எடுத்திராதிய.” பிறகு, “ஸ்தோத்திரம்,” என்றான். உட்கார்ந்தான்.

ஒருவரும் கைதட்டவில்லை. எவனோ இருமினான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, அடுத்த பாடலைத் தொடங்கினார். சபை தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தது. ஜெபகுமாரும் பாடினான். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு உரிய தெளிவு அவனிடம் இல்லை. நம்பிக்கையைத் துறந்தவனுக்கு உரிய ஓய்வும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே மனிதர் நிற்பதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை அளந்து சொன்னவர் எவருமில்லை. ஆயினும் அவ்விடத்திலேதான் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்று கழிக்கின்றனர்.

வழிபாடு முடிந்தது. வெளியே செருப்புக் குவியலருகே பாப்பம்மாள் அவனுக்காகக் காத்திருந்தாள். அவள் அழுதிருக்கவில்லை.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றான்.

“நீ பொய் சொன்ன. நானுந்தான் சொன்னேன். அத்த வுடு.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வேல பூட்ச்சி, ஒண்ணும் நடக்கலன்னு அத்தினி பேரு முன்னாடி சொன்ன. சொல்லிட்டு இன்னாத்துக்குத் தம்பி ஸ்தோத்திரம்னு சொல்லிக்கினு குந்துன? எங்கண்ணன் வர்றதுக்குள்ள அத்த மட்டும் எனக்குச் சொல்லு.”