நாலாவது ஓட்டை

பைண்டிங் கடையில் அவளுக்குப் பசை அக்கா என்று பேர். கையில் எந்நேரமும் பசை. ஒன்றைப் பிடித்தால் விடாத குணம் வேறு. வீட்டுக்காரருக்குத் தோல் பெல்ட் ஒன்றைத் தன் கையாலேயே செய்வது என்று அவள் முடிவு கட்டியபோது கடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்துதான் என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி என்று பெரிய ஆபரேஷன். மனுஷன் பிழைத்தார். ஆனால் உடம்பு கரைந்துகொண்டே போனது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கும்போதெல்லாம் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, பழைய பெல்ட்டில் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஓர் ஓட்டை போடுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது ஓட்டை போட்ட அன்று எடை மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். "இனிமே இந்த வீட்ல யாரும் கிலோவைப் பத்திப் பேசக்கூடாது" என்றார். அவளும் பேசவில்லை. பேசவில்லையே தவிர, ஐந்தாவது ஓட்டைக்குச் சுத்தியல் எப்போது விழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மாதமாகியும் ஐந்தாவது விழவில்லை. திங்கட்கிழமை பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆணியடித்த பெல்ட்டோடு ஒருத்தர் வேலைக்குப் போவதாவது? புது பெல்ட் யோசனை வந்தது அப்படித்தான்.

இடுப்பளவு கேட்டால் அது கிலோப் பேச்சில் போய் நிற்கும். அதனால் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய பெல்ட்டை எடுத்தாள். நாலாவது ஓட்டையைச் சுற்றித் தோல் கறுத்து மடிந்து கிடந்தது. பக்கிளிலிருந்து அதுவரை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நூறு தாளுக்கு நடுவே கோணலாக மடிந்த ஒரே ஒரு தாளைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணுக்கு அன்றைக்கு நாலாவது ஓட்டையைத் தவிர வேறெதுவும் படவில்லை.

புத்தக முதுகுக்குப் போடுகிற மெல்லிய தோல் பெல்ட்டுக்கு ஆகாது. ஒன்றரை அங்குல அகலத்தில் கெட்டித் தோலாக ஒரு பட்டை வாங்கி வந்து, சமையலறை மேஜையில் பரப்பினாள். ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, தோல் பதமாக இளகியதும் கத்தி முனையால் கோடு கீறி, கோட்டின் ஓரத்தை மழுங்கிய இரும்பு வைத்துத் தட்டி அமுக்க வேண்டும். அமுக்கிய இடம் பள்ளமாகும், மீதி மேடாக எழும்பும். ஒரு தட்டுத் தப்பினாலும் அழிக்க முடியாது. மூன்று மத்தியானம் தட்டினாள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "ஆணி அடிக்கிறீங்களா, சுவத்தை இடிக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

முதல் நாள் அவள் கோடு கீறுவதற்கு முன்பே வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேற்பார்வை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டிசைன்?"

"பூ."

"பூப்போட்ட பெல்ட்டைக் கட்டிக்கிட்டு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கச் சொல்றியா? கூட வேலை செய்யறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிற இடத்துல நீங்க இருப்பீங்கல்ல, அது போதும்."

சொன்னாளே தவிர, அன்றைக்கே பூவை விட்டுவிட்டு, லிஃப்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றைப் போல ஒரு முறுக்கை நீளம் முழுக்கத் தட்டினாள். கடைசியில் ஓர் அங்குல இடைவெளியில் ஐந்து ஓட்டை. நடு ஓட்டை அவள் அளந்த அளவுக்கு. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்திருந்தாள். அவள் எதிரிலேயே வீட்டுக்காரரிடம் பெல்ட்டை நீட்டினாள் பசை அக்கா. அவர் வெளியே விட்டிருந்த சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை மாட்டி இழுத்தார். நடு ஓட்டைக்கு எட்டவில்லை. கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது.

"அண்ணி, அண்ணனுக்குத் தொப்பை போட்டிருச்சு" என்று நாத்தனார் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பசை அக்கா அவர் வயிற்றையே பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது: "வயிறு பெருசாகிற மாதிரி தெரிஞ்சா அது நீரா இருக்கலாம். கட்டி திரும்ப வந்தா அப்படி ஆகும். உடனே கூட்டிட்டு வாங்க."

"தோல் காயும்போது சுருங்கிப்போச்சு" என்றாள். "என் கைப்பக்குவம் அவ்வளவுதான்."

நாத்தனார் நம்பினாள். அவர் பசை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கினார், விரலால் தட்டிக் கேட்டார், கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். ரிப்போர்ட்டை அவர் இரண்டாவது தடவை புரட்டியபோது பசை அக்காவுக்கு உயிரே போய் வந்தது.

"நீர் கோத்திருக்கா டாக்டர்?"

"நீரா? சதைம்மா. ஏழு கிலோ ஏறியிருக்கார். கட்டி இருந்த இடம் சுத்தமா இருக்கு. தாராளமா வேலைக்குப் போகலாம்."

அவள் தலையை ஆட்டினாள். நெஞ்சில் எட்டு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது, இறங்கின வேகத்தில் கோபம் வந்தது. வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவது ஓட்டைலதானே மாட்டிக்கிட்டிருந்தீங்க?"

"அதை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. மூணாவதுக்கு வந்தேன், அப்புறம் ரெண்டாவது. இப்பக் கடைக்காரன் போட்ட ஓட்டைக்கே வந்துட்டேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ சந்தோஷப்படுவ" என்றார் அவர். "அடுத்த வாரமே இறங்கிப்போச்சுன்னா அந்த மூஞ்சிய நான் எப்படிப் பாக்கிறது?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதாள். அழுதபடியே கைப்பையைத் துழாவி, புத்தகம் தைக்கிற நூல் கண்டை எடுத்தாள். வராந்தா நடுவிலேயே இரண்டு கையாலும் அவர் இடுப்பை வளைத்து நூலைச் சுற்றினாள்.

"என்ன பண்ற? எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். அளவு எடுக்கணும். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, இருக்கிறபடி நில்லுங்க."

அவர் மூச்சை விட்டார். நூல் இறுகியது. அவள் இன்னும் கொஞ்சம் நீளம் விட்டுக் கொடுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள்.