தெரிந்த முகம்

ரயிலில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். பெட்டிக்குள் கால் வைத்தாலே பாதிப் பேருக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர், மனைவி போன பிறகு, மூன்று அறை வீட்டில் ஃபிரிட்ஜின் உறுமலைப் பேச்சுத்துணையாக வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் ஒரே மகள் வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாகக் கேமரா மாட்டிவிட்டுப் போனாள். வீட்டில் எது அசைந்தாலும் அவள் போனில் மணி அடிக்கும். அடித்தால் பார்ப்பாள், பார்த்தால் மனசு கேட்காமல் கூப்பிடுவாள்.

"என்னப்பா, குறுக்கும் நெடுக்குமா நடக்கறீங்க? மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

பேச்சு அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக மனிதர் காலையும் மாலையும் கூடத்தில் நடையாய் நடந்தார். டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் நடக்காத கால் அது!

ஒரு நாள் கேமரா கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. தங்கள் மென்பொருளில் இன்னும் என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் பொறுமையாப் பார்க்க உங்களுக்குத்தான் வரும், நீங்களே போட்டுடுங்கப்பா" என்று மகள் அதை அவருக்குத் தள்ளிவிட்டாள்.

வேலை என்று ஒன்று கிடைத்தால் விடுவாரா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருட்டிலும் முகம் தெரிய வேண்டுமா? ஆம். பூனையைத் திருடன் என்று சொல்லாமல் இருக்க வேண்டுமா? கட்டாயம். தெரிந்த முகம் வந்தால் மணி அடிக்காமல் இருக்க வேண்டுமா? இங்கே கொஞ்சம் யோசித்தார். பாஸ் வைத்திருப்பவரைத் தினமும் மறித்து நிறுத்தக் கூடாது என்பது அவருடைய சர்வீஸ் தர்மம். பேப்பர் போடுகிறவருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும்கூட மணி அடித்தால், பாவம், மீட்டிங்கில் இருக்கிற பெண் என்ன செய்வாள்? 'மிக அவசியம்' என்று அழுத்தினார்.

இரண்டு மாதத்தில் அந்த வசதி வந்தது.

"உங்க முகத்தைத்தான் முதல்ல பதியணும்பா. நேரா பாருங்க... இந்தப் பக்கம் திரும்புங்க... கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்!"

அன்று கால் மணி நேரம் பேசினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நடந்தார். போன் வரவில்லை. இருமிப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் பார்த்தார். போன் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. தானாகக் கூப்பிடலாம்தான்; வேலை நேரத்தில் தொந்தரவு எதற்கு என்று கை வரவில்லை.

நாலாம் நாள்தான் உறைத்தது. பாஸ் முதலில் அவருக்கே கிடைத்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. கேமராவுக்கு நேராக நின்றே அழுதார். அதற்கும் மணி அடிக்கவில்லை.

பத்தாம் நாள், பட்டப்பகலில், மழைக்கோட்டை மாட்டினார். தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றினார். மனைவியின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, போன் அலறியது.

"அப்பா! வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க! நீங்க எங்க இருக்கீங்க? கதவைச் சாத்திக்குங்க, நான் போலீஸுக்கு..."

அவள் குரல் நடுங்கியது. அவருக்கு வெட்கமாகிவிட்டது. துண்டை அவிழ்த்துவிட்டுக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தாம்மா."

கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார்.

"மாத்திரை போட்டாச்சு" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் முகத்தை அந்த லிஸ்ட்லேருந்து எடுத்துடும்மா. நான் தெரியாத ஆளாவே இருந்துக்கறேன்."