நாற்பத்தொன்பது டாலர் மான்

லைல் ஹாகனின் முதுகுப்பை ஓர் அக்டோபர் மாதக் காலையில் சட்டப்படி எல்க் மான் ஆனது. துள்ளி ஓடுகிற சின்ன மான் இல்லை. குதிரை உயரம் நிற்கிற, ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி தருகிற மான். மொன்டானா மலையடியில் உள்ள வில்லோ ஃபோர்க் ஊரில் இதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. பை என்ன விலை என்றுதான் முதலில் கேட்டார்கள். நாற்பத்தொன்பது டாலர் என்று தெரிந்ததும், அந்த விலைக்குக் குறை சொல்ல முடியாது என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது.

பையை அவன் வாங்கியது தீவனக்கடையில். நாய்ச் சங்கிலிக்கும் கோழித் தீவன மூட்டைக்கும் நடுவே, பாசி நிறத்தில், பேர் தெரியாத கம்பெனியின் சரக்காக அது தொங்கிக்கொண்டிருந்தது. லைலின் மற்ற வேட்டைச் சாமான்களும் இதே ரகம்தான். இருபத்திரண்டு டாலர் மழைக்கோட்டு அவன்மேல் மட்டுமல்ல, அவனைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கும் மழையை விழவிடாது. கூட வருபவர்கள் அவனை ஒட்டி உரசிக்கொண்டே நடப்பார்கள். தள்ளுபடியில் எடுத்த தலைவிளக்கு, அவன் திரும்பப்போகிற பக்கத்தை அவனுக்கு முன்பே திரும்பிப் பார்த்துவிடும். பழைய பட்டாளச் சாமான் கடையில் வாங்கிய தூங்கும்பைக்குள் படுத்தால் குளிர் வராது, ஆனால் யாரோ ஒரு சிப்பாயின் ஊர் கனவில் வரும். அந்த ஊரில் பெட்டி என்றொரு பெண் இருக்கிறாள் என்பதையும் லைல் மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டான். அவள் நன்றாகச் சமைக்கிறாளா என்று மட்டும் கோரா கேட்டாள்.

லைலுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மரம் அறுக்கும் மில்லில் ஒரு பைன் மரம் உருண்டு வந்து அவன் இடுப்பில் ஏறியதிலிருந்து அவன் முதுகெலும்புக்குள் இரும்புத் திருகாணிகள் இருந்தன. மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்பே அவை அறிவித்துவிடும். வில்லோ ஃபோர்க்கில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டவன் சுமக்க வேண்டும். கறியில் ஒரு துண்டைக்கூட மலையில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. அரசாங்கச் சட்டமும் அதையே சொல்கிறது, ஆனால் அரசாங்கத்துக்கு முன்பே ஊர் சொல்லிவிட்டது. துணைக்கு வருபவன் பாதி சுமப்பான். லைலுக்குத் துணை, கோராவின் அண்ணன் டுவைட். மீசை முளைத்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே கூடாரம், ஒரே காபிப் பாத்திரம். அந்த வருஷம் பனி உருகியதும் டுவைட் காபிக்கடையில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, ஆனால் லைலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மாப்ள, நீ சுடுவ. நல்லாவே சுடுவ. அப்புறம் மானையும் நான் தூக்கணும், உன்னையும் நான் தூக்கணும். எனக்கு இருக்கறது ஒரே முதுகுய்யா. இனிமே நான் வரல."

டுவைட்டின் முதுகில் இருந்த பையின் விலைக்கு ஒரு பழைய லாரி வாங்கலாம். பூட்ஸ் இத்தாலியிலிருந்து வந்தது. அவனுடைய சாமான்கள் எல்லாம் டப்பாவின்மேல் எழுதியிருந்ததைச் செய்தன, அதற்கு மேல் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. விலை கூடின பொருளின் குணம் அப்படி. லைல் காபிக்குக் காசு வைத்துவிட்டு, நேரே தீவனக்கடைக்குப் போய் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

கோரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். குளிர்பெட்டி காலியாக இருக்குமே என்று அவள் கவலைப்படுவதாக ஊரார் நினைத்தார்கள். பீன்ஸை வைத்து ஒரு குளிர்காலத்தை ஓட்ட அவளுக்குத் தெரியும், அவள் பயம் அதுவல்ல. லைல் புதுப் பைக்குள் உருளைக்கிழங்கையும் அவளுடைய இரும்புச் சட்டிகளையும் அடைத்துக்கொண்டு கொல்லையில் நடை பழகியபோது, அவள் பாத்திரம் துடைக்கிற துணியோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"நீ அங்க விழுந்துட்டன்னா உன்ன யாரு தூக்கிட்டு வருவா, லைல்?"

லைல் இன்னொரு சுற்று நடந்தான். சட்டிகள்தான் பைக்குள் கடகடவென்றன. போகாதே என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. மில் வேலை போன பிறகு அந்த மனிதன் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கிற பார்வையை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே வேட்டைக் காலம் திறந்ததும் அவனுடைய ஆரஞ்சு நிறத் தொப்பியைத் துவைத்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்து, சட்டிகளை மட்டும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள்.

மலை அன்று மூடுபனிக்குள் இருந்தது. லைல் தனியாக ஏறினான், நாலடிக்கு ஒருதரம் நின்றான். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கிழட்டு ஆண் எல்க் பனிக்குள்ளிருந்து வந்து, யாரோ கூப்பிட்டு நிற்கச் சொன்ன மாதிரி அவன் எதிரே நின்றது. சுட்டான், விழுந்தது. விழுந்த பிறகுதான் இதை எப்படிச் சுமப்பது என்ற நினைப்பு அவனுக்கு வந்தது. ஆனாலும் முறையை விடவில்லை. வேட்டைச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, சீட்டைச் செத்த மிருகத்தின்மேல் கட்ட வேண்டும். கட்டினால்தான் மான் வேட்டைக்காரனுக்குச் சொந்தம். விரல்கள் மரத்துப்போயிருந்தன, கண்ணாடி பனியில் மங்கியிருந்தது. மானின்மேல் சாய்த்து வைத்திருந்த பையும் அந்த மங்கலில் மானின் நிறமாகவே தெரிந்தது. பின்னங்கால் என்று நினைத்துப் பையின் இடுப்பு வாரில் சீட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, சிப்பாயின் ஊரில் போய்த் தூங்கினான்.

விடிந்தபோது மான் இல்லை. சீட்டுக் கட்டப்படாததால் அது முறைப்படி கொல்லப்படவில்லை, எனவே எழுந்து போய்விட்டிருந்தது. அது படுத்திருந்த இடத்தில் புல் அழுந்திக் கிடந்தது, கொஞ்சம் ரத்தமும் இருந்தது. பத்தடி தள்ளி அவனுடைய பை, தோள் வார்கள் இரண்டையும் இடுப்பு வார்கள் இரண்டையும் ஊன்றி நின்று, உறைபனி படிந்த புல்லை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. லைல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கூடாரத்தை மடித்து அதன்மேல் வைத்தான், அது நின்று கொடுத்தது. தூங்கும்பையை வைத்தான். துப்பாக்கியையும் கோட்டையும் வைத்தான். மில்லில் அடிபட்ட பிறகு முதல் தடவையாக முதுகில் ஒன்றுமில்லாமல், கைவீசிக்கொண்டு மலை இறங்கினான். பை பின்னாலேயே வந்தது.

நெடுஞ்சாலை முனையில் வேட்டைக்காரர்கள் எல்லாரும் நின்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அன்று சோதனைக்கு நின்றவள் மார்லா டீட்ஸ் என்ற வேட்டைக் காவல் அதிகாரி. அவளுக்கு ஆச்சரியப்படுவதற்குச் சம்பளம் கிடையாது. சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், தேதி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. பெயர் சரி, இடம் சரி. எல்லா மானிடமும் செய்வது போல, வயதைக் கண்டுபிடிக்க ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். ஜிப்பிலிருந்துதான் பிடுங்க முடிந்தது. இந்த வருஷத்து மான் உங்களுக்கு ஆயிற்று, இனி அடுத்த வருஷம்தான் என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"சட்டம் உங்களுக்குத் தெரியும்ணே. சீட்டு கட்டினதை வீணாக்கக் கூடாது. கொட்டகையில போட்டு வெச்சு மக்கவிட்டீங்கன்னா உங்க மேல நான் கேஸ் எழுத வேண்டி வரும்."

வீணாக்க மாட்டேன் என்று லைல் வாக்குக் கொடுத்தான். அந்தக் குளிர்காலம் ஹாகன் வீட்டில் பீன்ஸும் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய நூடுல்ஸும்தான். கோரா பையோடு பேசவில்லை. கறி கொண்டு வா என்று அனுப்பினால் வாயில்லா ஜீவனைக் கொண்டு வந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லி ஆறுதல் தேடினாள். காபிக்கடையில் டுவைட் சும்மா இருப்பானா? பையை வறுத்தீர்களா, குழம்பு வைத்தீர்களா, வார்ப் பக்கிள் பல்லில் மாட்டவில்லையே என்று வாரம் முழுக்கக் கேட்டான். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று வாசலைத் திறந்தபோது, துணியில் சுற்றிய மானின் முழுப் பின்னந்தொடை ஒன்று படியில் கிடந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. பனியில் பதிந்திருந்த தடம் இத்தாலி பூட்ஸுடையது. தொடையைச் சமைத்த அன்று கோரா கேரட் தோலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பை அவள் கையிலிருந்தே தின்றது. மறுநாள் அவளோடு கடைக்குப் போய் மாவு மூட்டையைச் சுமந்து வந்தது. அதன்பிறகு அவள் அதற்கு ஒரு போர்வை கொடுத்தாள்.

அடுத்த அக்டோபரில் இருவரும், அதாவது லைலும் பையும், மலையேறினார்கள். சீட்டை இந்த முறை கவனமாக மானின் காலில் கட்டினான். நாலு தொடையும், முதுகுக் கறியும், கொம்பும், கூடாரமும் எல்லாம் ஒரே நடையில் இறங்கின. பை ஒரு முனகல்கூட முனகவில்லை. இந்தச் சேதி பரவியதும் ஊரில் பாதிப் பேர் தீவனக்கடைக்கு ஓடினார்கள். மிச்சமிருந்த பைகளை வாங்கி, மலைக்குப் போய், வேண்டுமென்றே சீட்டைப் பையில் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் எழுந்து நடக்கவில்லை. வேண்டுமென்றே தவறான இடத்தில் சீட்டுக் கட்டுவது மோசடி என்று மார்லா எல்லாருக்கும் அபராதம் போட்டாள். தவறு என்றால் மனசறியாமல் நடக்க வேண்டும், அதை வாங்குவதற்குக் கடை கிடையாது. அந்தக் கம்பெனியும் அத்துடன் பை தைப்பதை நிறுத்திவிட்டது.

வருஷங்கள் போயின. லைலின் முதுகோடு முழங்காலும் சேர்ந்துகொண்டது. ஒரு வருஷம் பாதி ஏற்றத்தில் அவன் உட்கார்ந்துவிட்டபோது, பை திரும்பி வந்து, அவன் முன்னால் முதுகைக் காட்டி மண்டியிட்டது. அதுமுதல் அவன் அதற்குள் உட்கார்ந்தே மலையேறினான். கால்கள் இரண்டும் வெளியே தொங்கும், மடியில் துப்பாக்கி, தலையில் ஆரஞ்சுத் தொப்பி. மழைக்கோட்டின் புண்ணியத்தில் பையும் நனையாது. காபிக்கடை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்கள், தையல் இன்னும் விடவில்லை பார் என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிவார்கள். டுவைட்டின் பையில் ஒரு வார் அறுந்து, தைப்பதற்கு வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அது வராத வருஷத்தில் அவன் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, துணைக்கு வரலாமா என்று கேட்டான். லைல் கூடாரத்தில் இடம் இருக்கிறது என்றான். இருவரும் பழைய காபிப் பாத்திரத்தைத் தேடி எடுத்தார்கள்.

டுவைட் நெஞ்சு வலியால் படுத்த வருஷம் லைல் மறுபடி தனியாகக் கிளம்பினான். அப்போது அவனுக்கு எழுபது நெருங்கியிருந்தது, திருகாணிகள் பெரும்பனியை அறிவித்துக்கொண்டிருந்தன. கோரா பின்வாசலில் நின்று அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். லைல் கொட்டகைப் பக்கம் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

பனி வந்து, மலையை மூடி, ஒருவழியாக ஓய்ந்தது. தேடப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். வெயில் ஏறிய ஒரு காலையில் கோரா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது பை வேலியைத் தாண்டி வந்தது. அவசரப்படவில்லை, சறுக்கவும் இல்லை. லைல் அதற்குள் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான், தூங்குகிறவனைப் போலத்தான் இருந்தான். தூங்கும்பைக் கனவில் வருகிற அந்தப் பெட்டியின் ஊருக்கே போய்விட்டான் என்று கோராவுக்கு உடனே புரிந்தது. அவன் நெஞ்சுக்குக் குறுக்கே வார்கள், அவனுக்குப் பிடித்தபடி, ஒரு துளை தளர்வாகப் பூட்டப்பட்டிருந்தன. துப்பாக்கி பக்கவாட்டில் கட்டியிருந்தது. ஆரஞ்சுத் தொப்பி வலைப்பைக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. காபிப் பாத்திரம்கூட வந்திருந்தது. பை அவள் முன்னால் மண்டியிட்டது. கோரா அதன் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறகு பேசினாள்.

"ஒண்ணும் விடாம கொண்டாந்துட்ட. ஒண்ணையுமே விடல நீ."

அடக்கம் முடிந்த அன்று அவள் பையின் இடுப்பு வாரிலிருந்து அந்தப் பழைய சீட்டை அவிழ்த்தாள். எழுத்தெல்லாம் உரசி உரசி அழிந்துபோயிருந்தது. பை சிறிது நேரம் கொல்லையிலேயே நின்றது. பிறகு மலைப் பக்கம் நடந்தது. மார்ச் மாதம் விமானத்திலிருந்து மந்தை எண்ணப் போன மார்லா, கிழட்டு ஆண் எல்க் ஒன்றை ஒட்டிப் பாசி நிறத்தில் ஒன்று மேய்வதைக் கண்டு, கொம்பு இல்லாததால் பெண் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். சீட்டு வைத்திருப்பவர்கள் அதைச் சுடலாமா என்று வெளியூர்க்காரன் ஒருவன் கேட்டான். தாராளமாகச் சுடலாம் என்றாள். இதுவரை யாரும் சுடவில்லை.

டுவைட் இப்போது தங்கையின் வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ந்து காபி குடிக்கிறான். அக்டோபர் பிறந்தால் கோரா வேலியோரம் கேரட் தோல் போட்டு வைக்கிறாள், காலையில் அது இருப்பதில்லை. உறைபனியில் நாலு வார்களின் தடம் மட்டும் கிடக்கிறது. அது கொட்டகைக்கே திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று டுவைட் ஒருநாள் கேட்டான். கோரா முட்டியைத் தேய்த்துக்கொண்டே மலையைப் பார்த்தாள்.

"வரட்டுமே. எனக்கும் முட்டி வலி ஆரம்பிச்சாச்சு."

டுவைட் தலையாட்டினான். போர்வை இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள், நேற்றுதான் வெயிலில் போட்டு எடுத்தாளாம்.