துருத்தியா, தொட்டியா

"துருத்தி ஓட்டையா இருந்தா, கடவுள் வச்சிருக்கிற கண்ணீரெல்லாம் ஒழுகிடாதாப்பா?"

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி இது. ஆலயத்து ஆர்மோனியத்தின் காற்றுத்துருத்தி கிழிந்துபோக, சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அப்பா டியூப் துண்டை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் அவள் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு வரி மனப்பாடம் செய்திருந்தாள்: 'என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்.' அந்தக் காலத்தில் தண்ணீர் எடுத்துப்போகும் தோல்பைக்கும் துருத்தி என்றுதான் பெயர். அது அவளுக்கும் தெரியாது, ஒட்டிக்கொண்டிருந்தவருக்கும் தெரியாது.

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றார். சொல்லவேயில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு காலையில், டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது வலது கை சும்மா தொங்கியது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரிதான்.

"பதினாறு வருஷத்துல என் பேச்சுக்கு ஒரு தடவை சரின்னு சொன்னதில்ல. இப்ப வட்டியோட சொல்றாரு" என்று வந்தவர்களிடம் மனைவி சிரிப்பாள். அவர்கள் போனதும் கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் சங்கீதம் வாசித்த குரல் அவருடையது. பேச வையுங்கள், நாளாக ஆகக் கஷ்டம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கேட்டதெல்லாம் இன்னும் ஒரே ஒரு சொல்.

அவள் பகலில் தையல் வேலைக்குப் போயாக வேண்டும். ஆலயத்தில் மணியடிப்பவர், எல்லோருக்கும் 'மணிக்காரர்', தானாக வந்து நின்றார்.

"மத்தியானம் எனக்கு மணியும் இல்ல, வேலையும் இல்ல தங்கச்சி. மச்சானுக்கு சங்கீதம் வாசிக்கிறேன்."

தினமும் வந்தார். அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று நிற்காது. பாதி வழி தள்ளிக்கொண்டே வருவார். போகும்போது வீட்டு முன்புறக் கடையில் கிடக்கும் பம்பை எடுத்து அடித்துக்கொண்டு போவார். அவர் வாசிப்பும் அப்படித்தான். எழுத்துக்கூட்டி, விழுந்து எழுந்து, நொண்டியடித்துப் போகும். கேட்டுக்கொண்டிருப்பவரின் நெற்றி சுருங்கும்.

"இதை எழுதின தாவீது ராஜாவே கடவுள்கிட்ட எவ்ளோ அழுதிருக்காரு பாருங்க மச்சான்! நமக்கு என்ன வெக்கம்?" என்றார் ஒரு மத்தியானம். அன்றைக்குத்தான் படுத்திருந்தவர் முதல்முறை வாய்விட்டு அழுதார். மணிக்காரர் தோள்துண்டால் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

ஒருநாள் மனைவி வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணீரை உம்முடைய... தொட்டியில் வையும். சரியா மச்சான்?"

"சரி" என்றவரின் முகம் சிவந்தது.

"தொட்டிதானே? உங்க கடையில பஞ்சர் பார்க்கிற தண்ணித்தொட்டி மாதிரி?"

"ச... சரி! சரி!" இடது கை கட்டிலை அறைந்தது.

"அதான் சரின்னுட்டீங்களே. தொட்டியில் வை..."

"தப்பு!"

அவள் கையிலிருந்த தட்டு கழுவுமிடத்தில் விழுந்தது.

"தப்பு. து... துரு... துருத்தி!"

"அடடே, துருத்தியா? கண்ணு சரியில்ல மச்சான்" என்றார் மணிக்காரர், கண்ணாடியைத் துடைத்தபடி.

அதன்பின் நாளுக்கு ஒன்றிரண்டு சொல் வந்தது. பெரும்பாலும் திட்டு. மனைவிக்கு அதுவும் இனித்தது.

ஒரு சனிக்கிழமை மகள் ஓடிவந்தாள். "அம்மா! மணிக்கார மாமா ஆலயத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுறாரு. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல! தண்ணி மாதிரி போகுது!"

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். இந்தத் தடவை அவர் சொல்ல நினைத்த சொல்லே அதுதான்.

அடுத்த ஞாயிறு தடியூன்றி ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கம் தொடங்கியது. மனைவி ஆர்மோனியத்தின் முன்னால், மகள் பக்கத்தில், மணிக்காரர் கண்மூடி முதல் வரிசையில். கணவர் மெல்ல எழுந்து வெளியே போனார்.

பின்சுவரோரம் மணிக்காரரின் சைக்கிள் நின்றது. சட்டைப்பையில் பசையும் ரப்பர் துண்டும் இருந்தன. தரையில் உட்கார்ந்து, இடது கையாலும் முழங்காலாலும் டயரை நெம்பினார். ஐந்து நிமிட வேலை, அரைமணி நேரம் பிடித்தது. மணிக்காரர் கேரியரில் மாட்டி வைத்திருந்த கடைப் பம்பால் ஒட்டிய டியூபில் காற்றடித்து, பூவுக்கு ஊற்றும் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஒழுகாது" என்றார். திக்கவேயில்லை. அங்கே யாருமில்லை. மகளிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

டயரை மாட்டிவிட்டு, தடியூன்றிக் கடைசிப் பாட்டுக்கு முன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, கரி படிந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.