செம்பருத்தி மேல் விழுந்த வெயில்

டெப்போவில் அவருக்குப் பெயர் குருவி டிரைவர். வைத்தவர் கண்டக்டர். வண்டி கிளம்பக் காத்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் கேமராவைத் திறந்து, "இதப் பாரேன், அலகு நுனியில ஒரு சொட்டுத் தண்ணி" என்று நீட்டுகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

மச்சான் தனக்கு வேண்டாமென்று கொடுத்த பழைய கேமரா அது. நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் ஊறிய காதுக்கு, வீட்டுத் தோட்டத்தில் கேட்ட ஒரு 'கீச்' மருந்து போல இருந்தது. அப்படித்தான் தொடங்கியது. மழைக்காலத்தில் இலைக்கடியில் ஒதுங்கிய தேன்சிட்டு கிடைத்தது. பனிக்காலத்தில், உடம்பைப் பஞ்சு உருண்டையாக உப்பிக்கொண்டு கொடிக்கயிற்றில் உட்கார்ந்த தையல்சிட்டு. வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு ஜோடி கொண்டைக்குருவி நாரும் வேருமாகக் கவ்விவந்து, சுவரோரச் செம்பருத்திக்குள் கிண்ணம்போல ஒரு கூடு கட்டின. இப்போது அதில் இரண்டு குஞ்சுகள். அவர் எதையும் கேட்கவில்லை. தோட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாய் இரை ஊட்டும் படம். அதற்குக் குறுக்கே இலைகள் அடர்ந்த ஒரு கிளை நின்றது. கூட்டை மறைக்கும் இலையைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கே தெரியும். ஆனாலும் அன்று காலை கை சும்மா இருக்கவில்லை. பத்தே நிமிடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிளையை ஒதுக்கித் துணி கிளிப்பால் மாட்டினார். தாய் வந்தது. செக்கச்செவேலென்று இரண்டு வாய்கள் திறந்தன. படம் கிடைத்தது. மணியைப் பார்த்தார், பதறிப்போய் டூட்டிக்கு ஓடினார்.

நடு மதியம். சிக்னலில் வண்டி நின்றபோது கண்ணாடி வழியே வெயில் தொடையில் சுள்ளென்று விழுந்தது. அப்போதுதான் கூடு நினைவுக்கு வந்தது. சுவர் நிழல் இந்நேரம் விலகியிருக்கும். கிளிப்பை அவர் எடுக்கவில்லை.

"அண்ணே, பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு! பின்னாடி ஊரே திட்டுது" என்றார் கண்டக்டர்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டார். அவள் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"பக்கத்து வீட்டு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. வேற யாரு இருக்கா?"

பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரி நர்ஸ்; இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். அவருடைய பூனை செம்பருத்தியடியில் பதுங்கியதென்று இவர் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றியதை, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேச்சில்லை.

"நீயே பேசேன்மா."

"ஏன், ஊத்துனது நானா? நம்பர் அனுப்புறேன். ரெண்டு திட்டு விழுந்தா வாங்கிக்கோங்க, ஒண்ணும் தேஞ்சுட மாட்டீங்க."

கண்டக்டர் டீயை உறிஞ்சினார். "போன்ல கால்ல விழ முடியாது. அந்த மட்டுக்கும் தப்பிச்சீங்கண்ணே."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தூக்கக் குரல் ஒன்று, "யாரு?"

"பக்கத்து வீட்டு டிரைவர், சிஸ்டர். உயிர் போற விஷயம்..."

குரலில் தூக்கம் பறந்தது. "யாருக்கு? மூச்சு இருக்கா? ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல... குருவிக் குஞ்சுக்கு."

அவர் கிளை, கிளிப், வெயில், தன் புத்திகெட்டதனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"கேட் பூட்டியிருக்கா?"

"பூட்டியிருக்கு, சிஸ்டர்."

இணைப்பு துண்டானது. கோபமா, சம்மதமா? அடுத்த நடையில் ஒரு நிறுத்தத்தை நிற்காமலே தாண்டிவிட்டார். "கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று ஒரு பெரியவர் கத்தினார். நியாயமான கேள்விதான்.

வெயில் தாழும் நேரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம், டூட்டிக்குக் கிளம்பிய வெள்ளைச் சீருடையில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். முழங்கையில் புதுச் சிராய்ப்பு. ஆபரேஷன் அறை வாசலில் காத்திருக்கும் முகங்களைப் பார்த்துப் பழகியவர். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார்.

"ரெண்டும் நல்லா இருக்கு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறிக் குதிச்சு வந்து பார்த்தா, தாய்க்குருவி கூட்டு விளிம்புல ரெண்டு சிறகையும் குடை மாதிரி விரிச்சு நிக்குது. வாயப் பிளந்துகிட்டு இரைக்குது. நான் கைநீட்டுற தூரம் வந்தும் அசையல. கிளைய விட்டு, நிழல் விழுந்து, நான் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் மடக்குச்சு. அப்புறம் ஒரு காக்கா நோட்டம் விட்டுச்சு. நாற்காலி போட்டு உட்கார்ந்து விரட்டிட்டிருந்தேன். எங்க பூனைப் பயலை உள்ள வச்சுப் பூட்டிட்டேன், கத்துறான்."

"அப்போ நீங்க தூங்கவே இல்லையா?"

"குஞ்சு தூங்குச்சு."

"அன்னிக்கு அந்தத் தண்ணி..."

"அத அவன்கிட்ட சொல்லுங்க. என் மேலயா ஊத்துனீங்க?"

செம்பருத்திக்குள் ஓர் இலை அசைந்தது. வேறொன்றும் தெரியவில்லை. உள்ளே இரண்டு குரல்கள் மட்டும் பசி தீரத் தீர மெல்ல இறங்கின. இருவரும் மூச்சடக்கிக் கேட்டார்கள்.

"அய்யோ, பஸ் போயிருச்சு!" என்றார் நர்ஸ்.

"ஏறுங்க சிஸ்டர், விட்டுட்டு வரேன்."

"நாள் பூரா ஓட்டிட்டு வந்திருக்கீங்க."

"நீங்க நாள் பூரா முழிச்சிருக்கீங்க."

தெருமுனை தாண்டும்வரை அவர் பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை.

"சிஸ்டர், அந்தச் சிறகு... எப்படி விரிச்சிருந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் மாலை வெளிச்சம் முழுவதையும் மறைக்கிறவர்போல, நர்ஸ் இரண்டு கைகளையும் அகல விரித்திருந்தார்.

"அய்யோ, பிடிச்சுக்கோங்க சிஸ்டர்!" என்று கத்தினாலும், வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.