எழுந்தருளச் சொன்ன சங்கு

“ஓடச் சொன்னா, எதுக்கு எல்லாரும் உக்காந்தாங்க?”

“நான் எங்க ஓடச் சொன்னேன்? ‘மேலே எழுந்தருளுங்கள்’னுதானே சொன்னேன்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“போங்கன்னு அர்த்தம். வாங்கன்னும் அர்த்தம். உக்காருங்கன்னும் அர்த்தம். பிரபுக்கள் என்ன பண்ணினாலும் எங்களுக்கு அந்த ஒரே சொல்லுதான்.”

எமோசி கையிலிருந்த ஸ்பேனரை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார். அபாயச் சங்கு பொருத்த ஃபிஜியிலிருந்து வந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். சியாலேவுக்குச் சிரிப்பு வரவில்லை. வானொலியில் வானிலை வாசிக்கிறவள் என்பதால், டோங்காவின் இந்தக் கடைக்கோடித் தீவில் சங்குக்குக் குரல் கொடுக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காலையில் ஒத்திகை நடந்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து அவள் குரல் ஒலித்ததும், யாரோ பெரியவர் வருகிறார் என்று சனங்கள் வழியோரமாகச் சம்மணம் போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கின் அலறலுக்கு மிரண்டு மேட்டுக்கு ஓடியது தீவுத் தலைவரான பிரபுவின் வீட்டுப் பன்றி ஒன்றுதான்.

“பன்னிக்கு மரியாதை தெரியல. பிழைச்சுக்கும்” என்றார் எமோசி.

சில வருஷங்களுக்கு முன் சுனாமி அலை வந்தபோது தேவாலய மணியை அடித்தார்கள். இந்த நேரத்தில் என்ன மணி என்று கேட்டபடி கரையிலேயே நின்று அலையோடு போனவர்களில் சியாலேயின் அப்பாவும் ஒருவர். ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் ஓடியிருப்பார். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் அவள் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

“‘ஓடு’ன்னே சொல்லிடேன்.”

“கம்பத்துக்குக் கீழேயே பிரபு வீடு. ‘ஓடு’ங்கிறது நாயை விரட்டுற சொல்லு. அவர் காதுல போய்க் கத்தச் சொல்றீங்களா?”

“அப்ப நான் கத்தறேன். எனக்கென்ன?”

“நீங்க எங்க பாஷை பேசினா சனம் சிரிச்சே மூழ்கிடும்.”

எமோசி கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“கம்பம் நியூசிலாந்து. ஒலிபெருக்கி ஜப்பான். நட்டும் போல்ட்டும் எங்களோடது. கடல் நடுங்குதான்னு ஹவாயில ஒருத்தன் உக்காந்து பாத்துட்டிருக்கான். இத்தனை பேரும் உன் வாயைப் பாத்துட்டிருக்கோம் சியாலே. சாயங்காலக் கப்பல்ல நாங்க அடுத்த தீவுக்குப் போகணும். அதுக்குள்ள உன் குரலை மெஷின்ல பதிஞ்சு ஏத்திடணும்.”

அவள் வீட்டுக்குப் போய் பெரியவர்கள் முன்னால் போகும்போது இடுப்பில் சுற்றும் மரியாதைப் பாயைக் கட்டிக்கொண்டு பிரபுவின் வாசலுக்கு வந்தாள். அவர் சார்பில் பேசும் பேச்சாளர் தலைநகருக்குப் போயிருந்தார். நேராகப் பிரபுவிடமே வாய் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே போய், தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பிரபுதான் முதலில் பேசினார். “காலையில யாரைம்மா எழுந்தருளச் சொன்னே? பக்கத்துத் தீவுப் பிரபு வர்றாராக்கும்னு பாய் விரிச்சு, பன்னியைச் சுடச் சொல்லிட்டேன். வந்தவரையும் காணோம், பன்னியையும் காணோம்.”

“பன்னி மேட்டுல இருக்குங்க. அது மட்டும்தான் ஓடிச்சு.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். “சங்குல ‘ஓடு’ன்னு சொல்லணுங்க. மரியாதை வைக்காம. அது தங்களோட காதுலயும் விழும்.”

திறந்த கதவு வழியாகக் கடல் தெரிந்தது. வெளியே எமோசியின் ஆட்கள் கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“நான் உக்காந்திருக்கிறப்ப இந்த ஊர்ல யாரும் எழுந்திருக்க மாட்டாங்க” என்றார் கடைசியில். “அப்ப நான்தான் முதல்ல ஓடணும், இல்லையா?”

“ஆமாங்க.”

“பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை யாரும் என்கிட்ட சொன்னதில்லை. கேட்டா இந்தக் காலு எழுந்திருக்குமான்னு எனக்கே தெரியல.”

பாய் சரசரத்தது. அவர் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

“தலையைத் தூக்கு, சியாலே. மெஷின்ல சொல்றதுக்கு முன்னால, என்னைப் பாத்து ஒரு தடவை சொல்லு.”